பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: அரையாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீடுகளில் பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். விடுமுறை முடிந்த முதல் நாளே வகுப்புகள் நிறைந்திருந்தன. சொந்த ஊருக்குப் போன பிள்ளைகளையும் நேரத்துக்கு அனுப்பி வைத்ததற்கு நன்றி.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்திக் கொடுக்கப்பட்டுவிட்டன. தேர்ச்சி திருப்திகரமாக உள்ளது. வேதியியலிலும் கணக்குப்பதிவியலிலும் இன்னும் உழைக்க வேண்டும். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் மாவட்ட அளவு வரை போய் வந்தார்கள். கபடி, எறிபந்து அணிகள் நன்றாக ஆடின. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் சிறப்பாக நடந்தது. ஆய்வகக் கூரை ஒழுகலைச் சரிசெய்து கொடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி. செய்முறைத் தேர்வு பிப்ரவரியிலும் பொதுத்தேர்வு மார்ச்சிலும் நடக்கும். அட்டவணை வகுப்பாசிரியர் வழியாக வரும்.

இனி கல்லூரிச் சேர்க்கை ஏஜென்ட்டுகளைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோரிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மற்ற வகுப்புப் பெற்றோரும் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இதே விஷயம் உங்கள் வீட்டுக் கதவையும் ஒருநாள் தட்டும்.

சில வாரங்களாகப் பள்ளி விடும் நேரத்தில் வெளியே புளியமரத்தடியில் கார்கள் வந்து நிற்கின்றன. இறங்குபவர்கள் பிள்ளைகளிடம் பேனாவும் சாவிக்கொத்தும் கொடுத்து, பெயர், குரூப், அப்பாவின் செல் நம்பர் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அன்று இரவே உங்களுக்குப் போன் வருகிறது. "உங்க பாப்பா மார்க்குக்குக் கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் கிடைக்காதுங்க, இப்பவே அட்வான்ஸ் கட்டி சீட்டை பிளாக் பண்ணிடுங்க" என்கிறார்கள். பாப்பா இன்னும் பொதுத்தேர்வே எழுதவில்லை. எந்த மார்க்கைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா?

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அசலாகவே தூக்கிக் கொடுத்துவிட்டு, கூடவே பத்தாயிரமும் கொடுத்துவிட்டு, பிறகு சந்தேகம் வந்து என் அறைக்கு வந்த பெற்றோர் உண்டு. ஏன் கொடுத்தீர்கள் என்றால், "நம்ம ஊர்ப் பையன்தானுங்க டீச்சர், அவன் பார்த்துக்குவான்" என்கிறார்கள். ரசீது கேட்டால் இல்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று கேட்டால் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. தறி ஓட்டுகிற வீட்டில் ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் போன அப்பா மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார், மே மாதம் வருவாரா என்பது அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு இந்த இணையதளம், பதிவு எண், சான்றிதழ் பதிவேற்றம் எல்லாம் பழக்கமில்லை. இந்த நிலைமையில் ஒருவர் வீடு தேடி வந்து எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்றால் யாருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். தனியார் கல்லூரி என்றாலே மோசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்தில் நன்றாக நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன, நம் பழைய மாணவர்கள் அங்கே படித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள். என் கவலை கல்லூரியைப் பற்றியது அல்ல. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதைப் பற்றியது.

நான் கணக்கு டீச்சர், அதனால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். பொறியியலுக்குக் கட் ஆஃப், அதாவது தரவரிசைக்கான கூட்டு மதிப்பெண், 200-க்கு. கணக்கு மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்குவார்கள். கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்த பிள்ளைக்கு 80, 35, 38 சேர்த்து 153. இந்த எண்ணை வைத்துத்தான் தரவரிசை, அதை வைத்துத்தான் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு. அரசுக் கல்லூரிகள் மட்டுமின்றித் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இந்தக் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. அதாவது, காரில் வந்தவர் உங்களுக்கு விற்கிற அதே கல்லூரியின் பெயரைக் கலந்தாய்வுப் பட்டியலிலும் நீங்கள் பார்க்கலாம்.

ஏஜென்ட் வழிக்கும் கலந்தாய்வு வழிக்கும் பணத்தில்தான் வித்தியாசம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அதில் இடம் கிடைக்கும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும் கட்டுகிறது. அந்த ஒதுக்கீட்டில் கிடைக்காவிட்டாலும், வீட்டின் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் சேருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தனியாக உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடத்தில், சேர்ந்த பிள்ளைக்கு இவை இரண்டும் கிடையாது. தறியிலும் ரிக்கிலும் சம்பாதித்த காசைக் கொடுத்து, பிள்ளைக்குச் சேர வேண்டிய சலுகையை நாமே கை கழுவுகிறோம். ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்ல மாட்டார். அவருக்குக் கமிஷன் வருவது மேனேஜ்மென்ட் சீட்டில்தான்.

சிலர் "கலந்தாய்வுக்கும் நாங்களே பதிவு செய்து தருகிறோம்" என்கிறார்கள். அதில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுடைய செல் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டுப் பதிவு செய்துவிட்டால் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும், கடவுச்சொல்லும் அவர்கள் கையில். அப்புறம் உங்கள் பிள்ளையின் விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரி முதலில் வரும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். வந்த ஒதுக்கீட்டைப் பார்த்து, "நாம இதைப் போடவே இல்லையே" என்று அழுது பயனில்லை.

அசல் சான்றிதழ் விஷயம். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சேர்ந்த கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது, வழியில் நிற்கும் ஒருவருக்கு எப்படி வரும்? நகல் கேட்டால் நகல் கொடுங்கள். அசலைக் கேட்டால் பள்ளியில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பழியை என் மேல் போட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

பணத்தை விட எனக்கு உறுத்தலாக இருக்கும் இன்னொன்று, இந்த அவசரத்தில் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது. விரும்பும் படிப்பை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னோம். பெரும்பாலான தாள்களில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்றிருந்தது, கணக்குப் பாடமே இல்லாத குரூப் பிள்ளைகளின் தாள்களிலும். பல தாள்களில் "வீட்டில் சொல்வது" என்று மட்டும் இருந்தது. உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிற, வீட்டில் கோழிப்பண்ணை வேலை தெரிந்த பிள்ளைக்கு, நம் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது தெரியும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான் சேர்க்கை நடந்துவருகிறது என்பது தெரியாது. நர்சிங், பார்மசி படிப்புகளும் அப்படித்தான். மாவட்டமே முட்டையால் பெயர் வாங்கியிருக்கிறது, இது தெரியாமல் நம் பிள்ளைகள் இருப்பதில் எங்கள் பக்கமும் வேலை பாக்கி இருக்கிறது.

தறி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நூலும் பாவும் சின்ன வயதிலிருந்து கண்ணில் பார்த்தவர்களுக்கு அது வெறும் பாடமாக இருக்காது. வணிகவியல் குரூப் பிள்ளைகள் நாமக்கல், ராசிபுரம், குமாரபாளையம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே கட்டணம் மிகக் குறைவு. மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். பி.காம். படித்துக்கொண்டே பட்டயக் கணக்காளருக்கான அடிப்படைத் தேர்வையும் எழுதலாம். அறிவியல் குரூப், தொழிற்கல்விப் பிரிவு பிள்ளைகள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்க வேண்டாம். ரிக் வண்டியில் ஹைட்ராலிக்கையும் கம்ப்ரசரையும் சரிபார்க்கத் தெரிந்த ஆளுக்கு என்ன மரியாதை என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

ரிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நம் ஊருக்குச் சோறு போடும் தொழில், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பரீட்சை முடிந்த மறுநாளே "மாமா வண்டியில் போறேன்" என்று கிளம்பும் பையன்களைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அவர்களுக்கு மார்க் வருவதும் கலந்தாய்வு திறப்பதும் மே, ஜூனில்தான். அந்த நேரத்தில் பையன் எங்கோ ஒரு காட்டில் டவர் கிடைக்காமல் இருந்தால், கையெழுத்துக்கும் ஓடிபிக்கும் யாரைத் தேடுவது? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

இப்போது கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எண்கள் வெளியே போயிருக்கின்றன. குழுவில் இல்லாத ஒருவர் பிள்ளையின் பெயரையும் வகுப்புப் பிரிவையும் சொல்லிப் பேசுகிறார் என்றால், உள்ளே இருந்துதான் யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொண்டு, நம் பெற்றோரில் சிலரே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கைகாட்டுவதாகவும் அறிகிறேன். யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. இது தொடர்ந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசுவேன், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவும் தயங்க மாட்டேன். இன்று முதல் அந்தக் குழுவில் கல்லூரி விளம்பரம் எதுவும் போடக் கூடாது. பள்ளி வாசலில் எந்தக் கல்லூரி ஆளும் நிற்க அனுமதி இல்லை. பள்ளிக்குள் வந்து பேச விரும்பும் கல்லூரி முறையாக எழுதிக் கேட்கட்டும், எல்லோருக்கும் பொதுவாக ஒரே நாளில் வாய்ப்புக் கொடுப்போம்.

உங்கள் மீது கோபமில்லை. ஏற்கெனவே அசலைக் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள். எல்லோருக்கும் தெரியும்படி பேச மாட்டேன். சேர்ந்து போய்க் கேட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக் கூடத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம். நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்கள் ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியாகப் பேசுவார்கள். தறிக்காரர்களுக்காக அதே விளக்கத்தை மாலை 6 மணிக்கு இன்னொரு முறையும் வைத்திருக்கிறோம். அப்பா ஊரில் இல்லை என்றால் அம்மா வரலாம், பாட்டி வரலாம். ஆனால் பிள்ளை கூட வர வேண்டும், பேச்சு பிள்ளையிடமிருந்துதான் தொடங்கும்.

வருவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. பிள்ளையின் பெயரும் முன்னெழுத்தும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், மே மாதம் அங்கே நிற்க இடம் இருக்காது. பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். கலந்தாய்வுப் பதிவு தொடங்கியதும் பள்ளிக் கணினி அறையிலேயே, உங்கள் சொந்த செல் நம்பரை வைத்துப் பதிவு செய்து தருகிறோம். எங்களுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

தேர்ச்சி பெறாவிட்டால் என்ன செய்வது என்று ஓரிரு தாய்மார்கள் மெதுவாகக் கேட்டார்கள். துணைத் தேர்வு உடனே வரும், அதே ஆண்டில் கல்லூரியில் சேரவும் வழியுண்டு. முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14417 எண்ணிலும் 104 எண்ணிலும் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

இரவு ஷிப்ட் முடித்து நேராகப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்காக நீங்கள் படும் பாடு தெரிந்துதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டும் வேளையில் பெண் பிள்ளைகளை முறை வைத்துக் கூட்டிப் போகும் தெற்குத் தெருப் பெற்றோருக்கும், மாலை வகுப்புக்குச் சுண்டல் கொடுத்து உதவும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: கீழே உள்ள ஒப்புகைச் சீட்டில் சனிக்கிழமை காலையா மாலையா என்று குறித்து, வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி இன்னும் வாங்காதவர்கள் அதே சனிக்கிழமை வந்து கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளலாம். வண்டிகள் சைக்கிள் ஸ்டாண்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.