குணா குகைக்கு வருகிறவர்களுக்கு யார் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமாவில் பார்த்த இடங்களைத் தேடிப் போகிறவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். வெளிநாட்டு ஊர்களையெல்லாம் சுற்றி வந்தவர் எங்கள் கொடைக்கானலை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. சினிமாவே பெயர் வைத்த இடம் இங்கே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து ‘டெவில்ஸ் கிச்சன்’, 1991இல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்த பிறகு குணா குகை ஆனது. இன்று பழைய பெயரைச் சொல்லி டாக்சி கேட்டால் ஓட்டுநர் முழிப்பார்.

இந்தக் குகைக் குழியில் ஓர் இளைஞர் விழுந்த நிஜச் சம்பவத்தை வைத்து எடுத்த மலையாளப் படம் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 2024 பிப்ரவரியில் வெளிவந்ததும் மறுபடியும் கூட்டம். வரட்டும், சோளம் சுடுகிற அம்மாவிலிருந்து லாட்ஜ்காரர் வரை எல்லாருக்கும் பிழைப்பு. ஆனால் வந்தவர்கள் என்ன பார்க்கிறார்கள்? தரைக்கு மேல் பின்னிக் கிடக்கும் மர வேர்களில் தட்டுத் தடுமாறி நடந்து வந்தால், எதிரே கம்பித் தடுப்பு. அதற்கு அப்பால் பாறையும் புதரும். “எந்தக் குழிங்க அது?” என்று பஜ்ஜிக் கடையில் வந்து கேட்பார்கள். பிறகு மொபைலில் ‘கண்மணி அன்போடு’ பாட்டைப் போட்டு ஒரு ரீல்ஸ். இளையராஜா பாட்டுதான், குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் நாள் முழுக்க அதையே கேட்கிற கடைக்காரர் பாவம்.

குழியைக் காணாத ஏமாற்றத்தில்தான் சிலருக்குத் தடுப்பைத் தாண்டும் துணிச்சல் வருகிறது. படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அப்படி இறங்கிய இளைஞர்கள் வனத்துறையிடம் சிக்கினார்கள். படத்தில் அவர்கள் பார்த்த குகையின் உட்புறம் கேரளத்தில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா? 2006இல் கொச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இங்கே விழுந்ததும், கூட வந்த நண்பரே கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கி வந்ததும் நிஜம். மீளாமலே போனவர்கள் பலர் உண்டு என்பதும் நிஜம். பாறைப் பிளவுகளைச் சருகு மூடியிருக்கும்; மழை பெய்தால் பாசி வழுக்கும். கால் வைத்த பிறகுதான் அங்கே தரை இல்லை என்பது தெரியும்.

ஆகவே வனத்துறைக்கு ஒரு கோரிக்கை. ‘உள்ளே செல்லக் கூடாது’ என்று மட்டும் சொன்னால் நம் ஆட்களுக்கு அது அழைப்பு மாதிரி. இடத்தின் கதை, 2006இல் நடந்தது, ஏன் அடைத்தார்கள் என்பதையெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் விவரமாக எழுதித் தடுப்பருகே பெரிய பலகையாக வைக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நிறுத்தினால் அவர்களுக்கும் சம்பளம் கிடைக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் இருக்கிறது; அதிலேயே இதைப் பற்றி இரண்டு வரி சேர்க்கச் செலவு ஒன்றும் ஆகாது. படத்து நடிகர்களின் பொம்மைகளை நிறுத்தி செல்ஃபி பாயிண்ட் ஆக்கலாம் என்று யாராவது கிளம்புவதற்குள் இதைச் செய்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொடைக்கானல்.