சவூதி புரோ லீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சவூதி புரோ லீக் நிர்வாகிகளுக்கும், அதன் நான்கு பெரிய கழகங்களைத் தன்வசம் வைத்திருக்கும் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் கால்பந்து ரசிகர்கள் கூடும் இடத்தில் உங்கள் லீக்கின் பேச்சை எடுத்தால் முதலில் கிடைப்பது ஒரு சிரிப்பு. கடைசிக் காலத்தில் சம்பாதித்துக்கொள்ளப் போனவர்கள் ஆடுவதைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யார் பார்ப்பது என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும். அந்தக் கூட்டத்தில் உங்கள் பக்கம் நின்று வாதாடுகிறவன் நான். ரியாத்தில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு 11.30; முடிவதற்குள் ஒன்றரை ஆகிவிடும். அப்படியும் பார்க்கிறேன். ஆனால் எதற்காகப் பார்க்கிறேனோ அதை உங்கள் விளம்பரங்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போகிற போக்கைப் பார்த்தால் அதை நீங்களே தேய்த்து அழித்துவிடுவீர்களோ என்ற கவலையும் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

தரத்தைப் பற்றிய கேலியை முதலில் ஒதுக்கிவிடலாம். அதற்கு முகாந்திரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏறத்தாழ 9 கோடி யூரோ கொடுத்து 2023 ஆகஸ்டில் அல் ஹிலால் அழைத்து வந்த நெய்மர், காயத்தில் விழுந்து, 2025 ஜனவரியில் ஊர் திரும்பியபோது அந்த அணிக்காக மொத்தம் 7 ஆட்டங்களே ஆடியிருந்தார். அல் இத்திஃபாக்குக்கு வந்த ஜோர்டன் ஹெண்டர்சன் ஆறு மாதத்தில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பிவிட்டார். ஆயினும் 2025 கழக உலகக் கோப்பையைப் பார்த்த ஒருவர் அந்தப் பழைய கேலியைத் தொடர முடியாது. அங்கே அல் ஹிலால் ரியல் மாட்ரிடுடன் 1-1 என்ற நிலையில் இருந்தபோது, 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில் வால்வெர்தே அடித்த பெனால்டியை அல் ஹிலால் கோல்கீப்பர் யாசின் பூனூ தடுத்தார். அடுத்த சுற்றில் மான்செஸ்டர் சிட்டியை 4-3 என வீழ்த்திய ஆட்டத்தில், 112ஆவது நிமிடத்தில், எடர்சன் தடுத்துத் தள்ளிய பந்தை மார்கோஸ் லியோனார்டோ விழுந்துகொண்டே உள்ளே தள்ளினார். அன்று உங்கள் லீக்கின் மிகச் சிறந்த உள்ளூர் வீரரான சலீம் அல் தவ்ஸரி காயத்தால் களத்திலேயே இல்லை. ஓய்வெடுக்கப் போனவர்களின் அணி அப்படி ஓடாது.

ஆனால் நல்ல அணிகள் இருப்பதால் மட்டும் ஒரு லீக் பார்க்கத் தகுந்ததாகிவிடாது. நல்ல அணிகளைப் பார்க்க எங்களுக்கு இங்கிலாந்தும் ஸ்பெயினும் இருக்கின்றன. உங்களிடம் எனக்குப் பிடித்தது, பணம் வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்தது. அல் இத்திஹாத் 1927இல் தொடங்கிய கழகம்; அல் அஹ்லி 1937; அல் நஸ்ர் 1955; அல் ஹிலால் 1957. ஜித்தாவில் இத்திஹாத்துக்கும் அஹ்லிக்கும் இடையிலான பகை எந்த விளம்பர நிறுவனமும் தயாரித்ததன்று. பேரீச்சந்தோப்புகள் சூழ்ந்த அல் அஹ்ஸாவைச் சேர்ந்த அல் ஃபத்ஹ் என்ற சிறிய கழகம் 2012-13இல் லீக் பட்டத்தையே வென்றது. மன்னர் கோப்பையை 2021இல் அல் ஃபைஸலியும் 2022இல் அல் ஃபைஹாவும் தூக்கின. ஃபைஹா அந்த இறுதியாட்டத்தில் பெனால்டிகளில் வீழ்த்தியது அல் ஹிலாலை. அதே 2022இல் அல் அஹ்லி தன் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கப்பட்டது. பெரிய கழகம் என்பதற்காக யாரும் அதைக் காப்பாற்றவில்லை. ஒரு லீக்கின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 22 அன்று, கத்தார் உலகக் கோப்பையின்போது, லுசைல் அரங்கில் 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அர்ஜென்டினாவை சவூதி அணி 2-1 என வென்றதே, அந்த அணியின் 26 பேரும் உங்கள் லீக்கில் ஆடியவர்கள். மெஸ்ஸியின் பெனால்டிக்குப் பிறகும் கலங்காமல், தற்காப்பு வரிசையை நடுக்கோட்டை நோக்கி ஏற்றி வைத்து, அர்ஜென்டினாவை மீண்டும் மீண்டும் ஆஃப்சைடில் சிக்கவைத்த அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அறியத்தான் நான் உங்கள் லீக்கைப் பார்க்கத் தொடங்கினேன். ரொனால்டோ அல் நஸ்ருக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது அதற்கு ஒரு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலான நாள் கழித்துத்தான்.

இப்போது என் முதன்மையான மனக்குறைக்கு வருகிறேன். 2023 ஜூனில் பொது முதலீட்டு நிதியம் அல் ஹிலால், அல் நஸ்ர், அல் இத்திஹாத், அல் அஹ்லி ஆகிய நான்கு கழகங்களிலும் 75 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. ஒரே பட்டத்துக்காக ஒன்றையொன்று எதிர்த்து ஆட வேண்டிய நான்கு அணிகளுக்கும் முதலாளி ஒருவரே. ஆட்டங்கள் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகின்றன என்று நான் குற்றம் சாட்டவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. 2025 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அஹ்லியும் ஹிலாலும் மோதியதைப் பார்த்த எவரும் களத்தில் இருந்தவர்களின் வெறியைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் கால்பந்தின் போட்டி தொண்ணூறு நிமிடத்தோடு முடிவதில்லை. எந்த வீரரை யார் வாங்குவது, எவர் விலை கேட்டதும் பின்வாங்குவது, எந்தப் பயிற்சியாளரை யார் தூக்கிப் போவது என்பதெல்லாம் அந்தப் போட்டியில் அடக்கம். அந்தப் பாதி உங்கள் நான்கு கழகங்களுக்கு இடையே ஒரே மேசையில் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் பார்வையாளர் மனத்தில் ஏற்பட்டுவிட்டால், பிறகு அதை எந்த நட்சத்திரத்தைக் கொண்டுவந்தும் கழுவ முடியாது.

ஐரோப்பாவில் இதை எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். தன் முதல் பெரிய கோப்பையாக 2025இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிரிஸ்டல் பேலஸ், ஒரு பங்குதாரருக்கு லியோன் கழகத்திலும் செல்வாக்கு இருந்த ஒரே காரணத்தால், யூரோப்பா லீக்கிலிருந்து ஒரு படி கீழே தள்ளப்பட்டது. பேலஸ் ரசிகர்களுக்கு அது அநியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அவர்கள்மேல் இரக்கம் உண்டு. ஆனால் விதி கேட்கும் கேள்வி நியாயமானது. உங்கள் லீக்கில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

இதில் பாதிக்கப்படுவது மற்றப் பதினான்கு கழகங்கள். அரசு எண்ணெய் நிறுவனமான அரம்கோ வாங்கிய பிறகு அல் காதிஸியா மேலேறி வந்து 2024-25இல் நான்காம் இடம் பிடித்தது. நியோம் என்ற புதிய நகரத் திட்டத்தின் பெயரிலேயே ஒரு கழகம் 2025இல் முதல் நிலைக்கு வந்திருக்கிறது. இவை உயர்ந்ததற்கும் காரணம் பணந்தான், அதுவும் அரசு சார்ந்த பணம். நஜ்ரானின் அல் உக்தூதோ, கமீஸ் முஷைத்தின் தமக்கோ இவர்களோடு எதைக் கொண்டு போட்டியிடும்? ரொனால்டோ ஆடும் ஆட்டத்தில் அரங்கு நிறைந்து மஞ்சள் அலையாகத் தெரிகிறது. சிறிய கழகங்கள் இரண்டு மோதும் சில ஆட்டங்களில் காலி இருக்கைகளின் நிறத்தைத்தான் பார்க்க முடிகிறது. நான்கைத் தவிர மற்றவை வெறும் எதிரணிகளாக ஆகிவிட்டால், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்காக மட்டும் ஒரு லீக் நடத்துகிறீர்கள் என்று பொருள்.

உங்கள் நாட்டு வீரர்களின் நிலையும் இதனோடு சேர்ந்ததுதான். 2024-25 பருவத்திலிருந்து ஓர் அணி 10 வெளிநாட்டவரைப் பதிவு செய்துகொள்ளலாம். தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த ராபெர்த்தோ மான்சினி, தன் வீரர்களில் பலர் கழகங்களில் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகப் புலம்பினார். 2024 அக்டோபரில் அவர் விலகியும் போனார். லுசைலில் வென்ற நாடு, 2026 உலகக் கோப்பைக்கு 2025 அக்டோபரில் நான்காம் சுற்றின் வழியாக, ஜித்தாவில் இராக்குடன் கோலின்றி ஆடித்தான் தகுதி பெற்றது. சவூத் அப்துல்ஹமீத் ரோமாவுக்குப் போனதைப் போல வெளியே போகிறவர்கள் பெருகினால் நல்லது. ஆனால் வெளியே போவதற்கு முன் உள்ளே ஆட வேண்டுமே.

பணத்தைக் கொட்டித் தொடங்கிய லீக்குகள் என்ன ஆயின என்பது உங்களுக்கும் தெரிந்த கதை. பெலேவையும் பெக்கன்பவரையும் அழைத்து வந்த அமெரிக்க லீக் 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூடப்பட்டது. சீனாவில் 2020 நவம்பரில் பட்டம் வென்ற ஜியாங்சு, அடுத்த பிப்ரவரியில் இயக்கத்தையே நிறுத்திக்கொண்டது. எட்டு முறை சாம்பியனும் இருமுறை ஆசியச் சாம்பியனுமான குவாங்சோ 2025 ஜனவரியில் கடன் சுமையால் கலைந்தது. உங்களுக்குப் பணம் தீராது என்று வாதிடுவீர்கள். இருக்கலாம். ஆனால் ஜப்பானைப் பாருங்கள். 1993இல் ஜே லீக் தொடங்கியபோது அங்கும் ஜீக்கோ வந்தார், லினெகர் வந்தார். அவர்களை விளம்பரப் பலகையில் ஏற்றியதோடு நிற்காமல், ஒவ்வொரு கழகமும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கி அந்த ஊருக்குக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்பதை லீக்கின் அடிப்படையாக வைத்தார்கள். பத்துக் கழகங்களில் தொடங்கியது இன்று மூன்று நிலைகளில் அறுபது கழகங்கள். 2025 மே மாதம் ஜித்தாவில் அஹ்லி ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றபோது எதிரே நின்றது கவாஸாக்கி என்ற ஊரின் அணி.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது தில்லிக்கு டெல் பியரோ, மும்பைக்கு அனெல்கா, சென்னைக்கு மாத்தெராஸி என்று பெயர்களைப் படித்தே மயங்கினோம். சென்னைக்காரன் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வது 2015 இறுதியாட்டத்தை. கோவாவில், 90ஆவது நிமிடம் வரை தோற்றுக்கொண்டிருந்த சென்னையின் எஃப்.சி., எதிரணிக் கோல்கீப்பரின் தற்கோலால் சமன் செய்து, அடுத்த சில நிமிடங்களுக்குள் ஸ்டிவன் மெண்டோசாவின் கோலால் 3-2 என வென்றது. இந்த மெண்டோசா எங்கள் ஊருக்கு வந்தபோது அவர் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த லீக்குக்கே 2025-26 பருவத்தை வழக்கமான செப்டம்பரில் தொடங்க முடியாமல் போயிற்று. உரிம ஒப்பந்தத்தின் காலம் முடியும் நேரத்தில் அடுத்து நடத்துவது யார் என்பதே தெளிவில்லாமல் கிடந்தது. வீரர்களின் புகழ் அதற்கு ஒரு நாளும் முட்டுக்கொடுக்கவில்லை.

2025 அக்டோபர் 22 அன்று அல் நஸ்ர் கோவாவின் ஃபதோர்தா அரங்கில் எஃப்.சி. கோவாவோடு ஆடியதும் இதே பாடத்தைத்தான் சொன்னது. ரொனால்டோ வரவில்லை. வராததைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் எழுதின. இரண்டு கோல் பின்தங்கியிருந்த கோவாவுக்காக, இடைவேளைக்கு முன், அந்த மண்ணில் பிறந்த பிரைசன் ஃபெர்னாண்டஸ் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 2-1 என முடிந்தது. ஆசியாவின் பெரும் பணக்காரக் கழகங்களில் ஒன்று அந்த இரண்டாம் பாதியில் எங்கள் அணியிடம் ஒரு கோலுக்குமேல் இடைவெளி காண முடியாமல் திணறியதை, ஆளைப் பார்க்க மட்டும் தொலைக்காட்சியைப் போட்டவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. உங்கள் நகரங்களில் கட்டடம் எழுப்புகிறவர்களில் எங்கள் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். 2034 உலகக் கோப்பைக்கான அரங்குகளையும் இத்தகைய கைகள்தான் கட்டப்போகின்றன. உங்கள் லீக்கைப் பார்ப்பது அந்த நாட்டின் குறைகளுக்கு வெள்ளையடிக்க உதவுவதுதானே என்று கேட்கும் நண்பர்களுக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. 2018 ஜனவரியில் ஜித்தா அரங்கில் பெண்கள் முதன்முதலாக லீக் ஆட்டம் பார்க்க அனுமதிக்கப்பட்டதை நான் அவர்களிடம் எடுத்துச் சொல்வதுண்டு. தொழிலாளர் பாதுகாப்பிலும் அப்படி எடுத்துச் சொல்ல எனக்கு ஏதாவது கொடுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். 2025இல் அல் கலூத் கழகத்தை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றிருக்கிறீர்கள். ஆக, கழகங்களைக் கைமாற்றும் வழி உங்களுக்குத் தெரியாததன்று. அந்த நான்கு பெரிய கழகங்களையும் நான்கு வெவ்வேறு கைகளில் கொடுப்பதற்கு ஒரு கால அட்டவணையை வெளியிடுங்கள். ஒளிபரப்பு வருவாய் பதினெட்டுக் கழகங்களுக்கும் எப்படிப் பகிரப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் அச்சிட்டுக் காட்டுங்கள். வெளிநாட்டுப் பார்வையாளருக்கான சுருக்கக் காணொளிகளில் சிறிய கழகங்களின் ஆட்டங்களுக்கும் இடம் கொடுங்கள். அல் ஃபத்ஹின் ஆட்டத்தை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னையிலேயே சிலர் இருக்கிறோம். ரொனால்டோ ஓய்வு பெறும் நாளுக்கு முன்பாக இவை நடந்துவிட்டால், அதற்கு மறுவாரமும் இரவு 11.30க்கு நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பார்வையாளன்