ஒரு டிக்கெட்டுக்கு ஒரு முழுக் கதை கொடுங்கள்

ஹாலிவுட்டின் பெரும் ஸ்டுடியோக்களில் சூப்பர் ஹீரோ படங்களுக்கும் அறிவியல் புனைகதைப் படங்களுக்கும் ஒப்புதல் தரும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் விமர்சகன் அல்ல. காமிக்ஸ் படித்து வளர்ந்தவனும் அல்ல. வருடத்துக்கு நான்கைந்து படங்களைத் திரையரங்கில் பார்ப்பவன். அவற்றில் குறைந்தது இரண்டு உங்களுடையவையாக இருக்கும். ஒருவன் மண்ணிலிருந்து எழும்பி வானத்தில் பறப்பதைப் பெரிய திரையில் காணும்போது இந்த வயதிலும் உள்ளம் துள்ளுகிறது.

சில மாதங்களுக்கு முன் அக்காள் மகனோடு அப்படி ஒரு படத்துக்குப் போனேன். முதல் அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை அவன் என் காதருகே குனிந்தான். இந்தப் பெண் யார், அவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று ஒவ்வொன்றாக விளக்கினான். அவள் பட்ட துயரம் முழுவதும் ஓடிடியில் வந்த ஒரு தொடரில் இருக்கிறதாம். பிற்பகுதியில் அவள் உடைந்து அழுதபோது அரங்கில் பலர் கலங்கினார்கள். நானோ, முன்பின் தெரியாதவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

தொடர்கதை எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்ப்பக்கம் பாரதக் கூத்து இரவு இரவாக நடக்கும். ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து வேடம் வெளிப்படும்போதே, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் ‘நீ யார்?’ என்று கேட்டுவிடுவான். வந்தவன் தன் பெயரையும் பெருமையையும் பாடித்தான் சபைக்குள் நுழைவான். அன்று ஒரு நாள் மட்டும் வந்து பாய் விரித்தவருக்கும் அந்த இரவின் கதை முழுதாகக் கிடைக்கும்.

நீங்களும் அப்படித்தான் தொடங்கினீர்கள். மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படவரிசையில் முதலாவதாக 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்துக்கு எந்த முன்கதையும் தேவைப்படவில்லை. ஆயுத வியாபாரி ஒருவன் தன் நிறுவனத்தின் ஆயுதத்தாலேயே காயப்பட்டு, குகைக்குள் கைதியாகக் கிடந்து, கவசம் செய்து தப்புகிறான். அவ்வளவுதான்; எல்லாம் புரிந்தது. 2019இல் அந்த வரிசையின் 22ஆவது படமான ‘எண்ட்கேம்’ அரங்குகளை நிறைத்தது, தனித்தனியே நின்ற அத்தகைய படங்கள் சேர்த்துவைத்த அன்பினால். நீங்களோ படத்தோடு படம் கோத்த சங்கிலிதான் மக்களை இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள்.

2023இல் ‘தி மார்வெல்ஸ்’ வந்தது. மூன்று நாயகிகளில் இருவரை நன்றாக அறிய வேண்டுமானால் தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும். செலவு 20 கோடி டாலருக்கும் மேல்; உலகெங்கும் வசூல் ஏறத்தாழ 20.6 கோடி, அந்த வரிசையிலேயே மிகக் குறைவு. பெண்கள் நாயகிகளாக இருந்ததுதான் காரணம் என்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை. அந்த மூவரையும் எங்களுக்கு ஒழுங்காக அறிமுகப்படுத்தாதது உங்கள் பிழை. தொடர்கள் பெருகியதால் கவனம் சிதறியது என்று மார்வெலின் உரிமையாளரான டிஸ்னிக்கு அப்போது தலைவராக இருந்த பாப் ஐகரே அந்த ஆண்டு ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. உங்கள் படங்களில் இறந்தவர் இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து திரும்பி வரலாம் என்றால் நான் யாருக்காகப் பதற வேண்டும்? நகரங்கள் இடிந்து விழுகின்றன. அவற்றில் வாழ்ந்த ஒரு முகம்கூட நினைவில் நிற்பதில்லை. 2004இல் வந்த ‘ஸ்பைடர் மேன் 2’ படத்தின் ஒரு காட்சியில் நாயகன் ஒரே ஒரு ரயிலைக் காப்பாற்றுகிறான். அதை நிறுத்திவிட்டு நினைவிழந்து சாய்ந்தவனைப் பயணிகள் தாங்கி, தலைக்கு மேல் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. தன் மகனைவிட மூத்தவன் இல்லையே என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தந்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். இருபது வருடம் கடந்தும் அந்தக் காட்சியை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

பணம் போதவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. ஜப்பானில் தகாஷி யமசாகி எடுத்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைந்த செலவில், 35 வரைகலைக் கலைஞர்களைக் கொண்டு உருவானது. 2024இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரையும் வென்றது. போரில் சாகத் துணியாமல் உயிரோடு திரும்பி, அந்தக் குற்ற உணர்வில் வேகும் ஒரு விமானியின் கதை அதில் முதலில் இருந்தது. காட்ஸில்லா என்ற பூதம் அவனைத் தேடி வந்தது.

உங்களிடமோ கதைக்கு முன்னால் தேதி பிறக்கிறது. 2022 ஜூலையில் சான் டியேகோ காமிக்ஸ் ரசிகர் விழா மேடையில் 2025 மே மாதத்துக்கு என்று அறிவிக்கப்பட்ட ‘காங் டைனஸ்டி’ என்ற மார்வெல் படம் அந்தப் பெயரில் வரவே இல்லை. தேதி நகராமல் கதை மட்டும் மாறிக்கொண்டிருந்தால் அந்தச் சுமை கணினி முன் அமர்ந்திருப்பவர்கள் தலையில்தான் விழும். 2023 செப்டம்பரில் மார்வெலின் காட்சி விளைவுப் பணியாளர்கள் ஒருமனதாகத் தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? கடைசித் துணுக்குக் காட்சிக்காகக் காத்திருக்கும்போது படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலை நான் படிப்பதுண்டு. நடுநடுவே தமிழ்ப் பெயர்கள் ஓடும். உங்கள் படங்களுக்கான வேலை சென்னையிலும் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் கண்விழித்துச் செய்கிறார்கள்.

ஆகவே கேட்கிறேன்: எழுதி முடித்த பிறகு நாள் குறியுங்கள். தொடரைப் பார்க்காதவரும் வருவார் என்று எண்ணி முதல் காட்சியை எழுதுங்கள். ஒரு மரணத்தை மரணமாகவே இருக்க விடுங்கள். அடுத்த விடுமுறைக்கும் அக்காள் மகனோடு வருவேன். அவனும் திரையை விட்டு என் பக்கம் திரும்பாமல் படம் பார்க்கட்டும்.

அன்புடன்,
எப்போதாவது படம் பார்க்க வரும் ஒருவன்