விடுகைப் பத்திரமும் டீ.சி.யும் ஒன்றுதான், ஐயா

பாடசாலை அனுமதிக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இலங்கைக்குத் திரும்பிய குடும்பங்கள் பிள்ளைகளோடும் கோப்புகளோடும் அலைவது உங்களுக்குத் தெரியாததல்ல.

என் தங்கை மண்டபம் முகாமிலிருந்து ஊருக்கு வந்து மூன்று மாதமாகிறது. அவளுக்கு இது பிறந்த ஊர். மகளுக்கு இது புதுநாடு. வயது 14, அங்கே ஒன்பதாம் வகுப்பு. போன திங்கள் நான்காவது தடவையாகப் பெறாமகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பாடசாலைக்குப் போனேன். டீ.சி.யைப் பார்த்துவிட்டு, "இது மாற்றுச் சான்றிதழ், எங்களுக்கு வேண்டியது விடுகைப் பத்திரம்" என்றார்கள். இரண்டும் பள்ளியை விட்டு விலகும்போது கொடுக்கும் ஒரே பத்திரம்தான் என்று விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம். பிறகு குடியுரிமைப் பத்திரம் கேட்டார்கள். அதற்குத்தானே பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம்! கடைசியில், சிங்களமும் வரலாறும் படிக்காதபடியால் தரம் 7இல் இருத்திப் பார்க்கலாமாம்.

"ஏழாங்கிளாஸ் நான் முடிச்சிட்டேனே பெரியம்மா" என்றாள் பிள்ளை. அந்தத் தமிழ்நாட்டுப் பேச்சைக் கேட்டு அங்கிருந்த ஒருவர் சிரித்தார். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு வெளியே வாய் திறப்பதில்லை. கடைக்குப் போனாலும் சாமானை விரலால்தான் காட்டுகிறாள்.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் சிங்களம் விருப்பப் பாடம். வரலாறு கட்டாயம்தான், ஆனால் பரீட்சைக்குரியது தரம் 10, 11 பாடத்திட்டம். அதை அவள் இனித்தானே தொடங்கப் போகிறாள்? 5 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்பது உங்கள் சட்டம். நான் கேட்பது இவ்வளவுதான்: பத்திரங்கள் வரும்வரை, தற்காலிகமாகவேனும், வயதுக்குரிய தரத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் ஒன்ராறியோவில், தாய் தகப்பனுக்கு நாட்டில் இருக்க அனுமதி இல்லையென்றாலும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை அந்தக் காரணத்தால் பாடசாலை மறுக்கக்கூடாது என்று கல்விச் சட்டமே சொல்கிறது. அப்படிப் படித்த எங்கள் பிள்ளைகள் அனுப்பும் காசில் இங்கே மாடிக் கட்டடம் எழுப்பி, நாடா வெட்டி, பொன்னாடை போர்த்துகிறோம். அந்தக் கட்டடத்துக்குள் மண்டபத்திலிருந்து வந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு கதிரை இல்லை. ஒருவேளை அவளும் கனடா போய்விட்டு வந்திருக்க வேண்டுமோ என்னவோ.

எழுத்து கொஞ்சம் சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் சுற்றறிக்கைகள் இருக்கும். இருந்தாலும் தயவுசெய்து பத்திரம் பிறகு வரட்டும், பிள்ளை முதலில் வகுப்புக்குப் போகட்டும்.

டீ.சி.யின் பிரதியை ஐந்தாவது தடவையாக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
வடமராட்சி.