‘எம்’ படத்தின் மௌனத்தை நிரப்பாதீர்கள்: திரைப்படக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைப்படக் கழக அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய உலகத் திரைப்படங்களின் வரிசை என்று எங்கே அறிவிப்பு வந்தாலும், குழந்தைகளைக் கொல்லும் ஒருவனை ஒரு நகரமே தேடும் கதையாக, ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1931-இல் வெளிவந்த ‘எம்’ என்ற ஜெர்மன் படம் அதில் இடம்பெறுவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் தொடர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் அண்மையில் ஒரு கழகத்தின் திரையிடலில் அந்தப் படத்துக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, உங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சிலவற்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று ஓடிய பிரதி நூறு நிமிடங்களைக்கூடத் தொடவில்லை. அகலத்திரைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சட்டகத்தின் மேலும் கீழும் வெட்டப்பட்டு, பாதிப் பாத்திரங்கள் நெற்றியில்லாமல் உலவினார்கள். ‘பழைய படம், நடுநடுவே ஒலி நின்றுவிடுகிறது’ என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த இடங்களில் எல்லாம் யாரோ பியானோ இசையை நிரப்பியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட காரியம்தான். ஆனால் தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் இந்தப் படம் பார்ப்பவரைப் பிடித்து வைத்திருப்பதற்கான காரணம் எதுவோ, அதுவே அன்று துடைத்தெடுக்கப்பட்டது.

‘எம்’ லாங்கின் முதல் பேசும்படம். ஒலி புதிதாகக் கைக்கு வந்த காலத்தில் மற்றவர்கள் படத்தைப் பாட்டாலும் பேச்சாலும் நிரப்பிக்கொண்டிருக்க, அவர் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒலியே இல்லாமல் விட்டார். ஒலிப்பதிவு முறைக்கான உரிமக் கட்டணம் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஆயினும் கட்டுப்பாட்டைக் கலையாக்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. படம் நெடுகப் பின்னணி இசை என்று ஒன்று கிடையாது. கேட்பதெல்லாம் கதைக்குள்ளேயே பிறக்கும் ஒலிகள்தான்: மணிக்கூண்டு, கார் ஒலிப்பான், காலடி, ஒரு சீழ்க்கை.

தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். துணி வெளுத்துப் பிழைக்கும் ஒரு தாய், பள்ளியிலிருந்து மகள் எல்சி வருவாள் என்று மேசையில் தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். கடிகாரம் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மகள் வரவில்லை. தாய் ஜன்னலிலிருந்து ‘எல்சி!’ என்று கூப்பிடும் குரல் மட்டும் ஒலிக்க, திரையில் ஆளற்ற மாடிப்படி, துணி காயும் பரண், யாரும் உட்காராத நாற்காலி, சாப்பிடாத தட்டு என்று ஒவ்வொன்றாக வந்து போகின்றன. பிறகு குரலும் நின்றுவிடுகிறது. புதருக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. பொம்மை உருவில் இருந்த பலூன் ஒன்று தந்திக் கம்பிகளில் சிக்கித் தவித்துவிட்டுப் பறந்துபோகிறது. கொலை காட்டப்படவில்லை, ஓர் அலறல்கூட இல்லை. காட்டாததை அவரவர் மனம் தனக்குத் தெரிந்த மிகக் கொடிய வடிவில் நிரப்பிக்கொள்ளும் என்பது லாங்கின் கணக்கு. அந்த மௌனத்தின் மேல் பியானோவை வைத்தால், பயப்பட வேண்டிய இடம் இது என்று இசையே சொல்லிவிடுகிறது. பார்வையாளருக்கு வேலை இல்லாமல் போகிறது.

சீழ்க்கைக்கும் இதே நியாயம்தான். கொலையாளி ஹான்ஸ் பெக்கெர்ட் சீழ்க்கையடிப்பது நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ‘பீர் கிந்த்’ இசைத்தொகுப்பில் வரும் ஒரு மெட்டு. அந்தப் பாத்திரமாக நடித்த பீட்டர் லோரேவுக்குச் சீழ்க்கையடிக்க வராது என்பதால், லாங் தாமே அதை அடித்தார் என்பார்கள். இசையே இல்லாத படத்தில் தனித்து ஒலிப்பதால்தான் அந்த மெட்டு நம் காதில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் பார்வையற்ற பலூன் வியாபாரி ஒருவர், போலீசாரின் கைரேகையும் பூதக்கண்ணாடியும் செய்ய முடியாததைத் தன் செவியால் செய்து முடிக்கும்போது நாமும் அவரோடு சேர்ந்து அடையாளம் கண்டுகொள்கிறோம். வேறு இசையும் ஓடிக்கொண்டிருந்தால் அவர் காதுக்கும் நம் காதுக்கும் இடையிலான இந்த ஒப்பந்தம் முறிந்துவிடும். பழைய பிரதிகளில் இந்தத் தவறு புதிதல்ல. 1960-ஐ ஒட்டி ஜெர்மனியில் மறுவெளியீடு கண்டபோதே மௌனமான காட்சிகளில் தெரு இரைச்சலைச் சேர்த்தார்கள். பின்னர் படத்தை மீட்டெடுத்தவர்கள் அந்த ஒட்டுவேலையை நீக்கியிருக்கிறார்கள். முதலில் 117 நிமிடங்கள் ஓடிய படத்தில் ஏறக்குறைய 110 நிமிடங்கள் இன்று கிடைக்கின்றன. அந்த மீட்டெடுத்த பிரதியைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிலிம் சுருளின் ஓரத்தை ஒலித்தடம் எடுத்துக்கொண்டதால் அந்த ஓரிரு ஆண்டுகளின் படங்கள் அகலம் 1.19-க்கு உயரம் 1 என்ற, சதுரத்தை ஒட்டிய வடிவில் அமைந்தன. திரையின் இருபுறமும் கறுப்பாகத் தெரிவது குறை அல்ல. தயவுசெய்து புரொஜெக்டர் இயக்குபவரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

அறிமுக உரைகளில் இந்தப் படத்தை டுசெல்டோர்ஃப் நகரின் பீட்டர் கியூர்ட்டன் என்ற கொலைகாரனின் உண்மைக் கதை என்று சொல்லிவிடுவது வசதியாக இருக்கிறது. கியூர்ட்டனுக்கு 1931 ஏப்ரலில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மே 11 அன்று பெர்லினில் படம் வெளியானது. ஜூலை 2 அன்று தண்டனை நிறைவேறியது. அன்றைய பார்வையாளர் அவனை நினைத்துக்கொண்டுதான் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் லாங் அவனை மட்டும் வைத்து எழுதியதாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பத்தாண்டில் ஜெர்மனியை உலுக்கிய தொடர்கொலைகாரர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அதோடு, படத்தின் நாட்டம் கொலைகாரன் மீது மட்டும் இல்லை. ‘ஒரு நகரம் ஒரு கொலைகாரனைத் தேடுகிறது’ என்பது அதன் துணைத்தலைப்பு, எழுவாய் நகரம்தான். பத்தாயிரம் மார்க் சன்மானச் சுவரொட்டிக்கு முன் கூடும் கூட்டம், சிறுமியிடம் நேரம் சொன்ன பாவத்துக்காகத் தெருவில் சூழப்படும் முதியவர், ஒருவரையொருவர் சந்தேகிக்கும் சீட்டாட்ட நண்பர்கள் என்று நகரத்தின் முகம்தான் மாறிக்கொண்டே வருகிறது.

போலீஸ் சோதனைகளால் தொழில் கெட்டுப்போன திருடர்களும் கொலையாளியைத் தேடப் புறப்படும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருபுறம் அதிகாரிகளின் கூட்டம், மறுபுறம் திருடர்களின் கூட்டம். இரண்டு அறையிலும் ஒரே புகைமண்டலம். கள்ளர் தலைவன் ஷ்ரெங்கர் தொடங்கும் கையசைவைப் போலீஸ் தலைவர் முடித்துவைக்கிறார். வசனத்தில் சொல்லியிருந்தால் பிரச்சாரமாகியிருக்கும் ஒன்றைப் படத்தொகுப்பு ஒரு வெட்டில் சொல்லிவிடுகிறது. நாமும் சிரித்துக்கொண்டே திருடர்கள் பக்கம் சாய்கிறோம். கொலைகாரன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தாக, உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் எழுதிய ‘எம்’ என்ற எழுத்தைப் பெக்கெர்ட்டின் தோளில் ஒருவன் அறைந்து பதிக்கும்போது கைதட்டக்கூடத் தோன்றுகிறது.

அந்தக் கைதட்டலுக்கு நம்மை வெட்கப்பட வைக்கிறது கைவிடப்பட்ட சாராய ஆலையில் நடக்கும் விசாரணை. இழுத்து வரப்பட்ட பெக்கெர்ட், தனக்குள் ஓயாமல் துரத்தும் ஒன்றைப் பற்றி, தன்னால் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாமை பற்றிக் கதறுகிறான். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவனே கொலைக்குற்றத்துக்காகத் தேடப்படுபவன். லோரேவின் பிதுங்கிய கண்களைப் பார்க்கும்போது இரக்கம் வருகிறது. உடனே எல்சியின் தட்டு நினைவுக்கு வந்து அந்த இரக்கத்தைச் சுடுகிறது. இரண்டில் ஒன்றை விடச் சொல்லி லாங் எங்குமே நம்மை வற்புறுத்துவதில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். கருத்தரங்குகளில் இந்தக் கதறலை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுகிறீர்கள். 1934-இல் இந்தப் படத்தைத் தடைசெய்த நாஜிகளே, 1940-இல் தங்கள் யூத வெறுப்புப் பிரச்சாரப் படம் ஒன்றில் யூதரான லோரேவின் இந்தக் காட்சியைத்தான் வெட்டி ஒட்டினார்கள். பாத்திரத்தின் வாக்குமூலம் நடிகரின் இனத்தின் வாக்குமூலம் ஆக்கப்பட்டது. முழுப் படத்திலிருந்து பிரித்தால் இந்தக் காட்சி எதற்கும் பயன்படக்கூடியது. காட்டுவதானால் முழுதாகக் காட்டுங்கள்.

உங்கள் அறிமுகத் தாள்களில் லாங்கின் பெயர் மட்டுமே இருப்பதும் சரியல்ல. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் அன்று அவருடைய மனைவியாக இருந்த தேயா ஃபான் ஹார்போ. 1933-இல் லாங்கும் லோரேவும் நாட்டைவிட்டு வெளியேற, அவர் அங்கேயே தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பிற்பாடு அயி டெண்டுல்கர் என்ற இந்தியரை மணந்தவர். எளிதில் விளங்காத வாழ்க்கைதான். அதற்காகப் பெயரை விட்டுவிட முடியாது.

தமிழ் வசன வரிகள் தயாரிக்க எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். படம், வட்டமாக நின்று ‘அவுட்’ சொல்லி விளையாடும் குழந்தைகளின் பாட்டோடு தொடங்குகிறது. அதில் வருபவனைச் சொல்லுக்குச் சொல் ‘கறுப்பு மனிதன்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அவன் பூச்சாண்டி. எதுகையும் தாளமும் இருக்கட்டும். சோறு உண்ண மறுக்கும் குழந்தையைப் பயமுறுத்த நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர் அங்கே நிஜமாகிவிட்டிருப்பது முதல் நிமிடத்திலேயே நெஞ்சில் தைக்க வேண்டும்.

கடைசியாக, விளக்கைப் பற்றி. அன்று நான் பார்த்த பிரதி பெக்கெர்ட்டின் தோளில் சட்டத்தின் கை விழுவதோடு நின்றுவிட்டது. மீட்டெடுத்த பிரதியில் அதற்குப் பின் நீதிமன்றம் வருகிறது. தீர்ப்பு என்னவென்று நாம் கேட்பதில்லை. கறுப்பு உடையில் மூன்று தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதனால் எங்கள் பிள்ளைகள் உயிரோடு திரும்பப் போவதில்லை, குழந்தைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் எல்சியின் தாய். திரை இருண்ட பிறகும் அவள் குரல் ஒரு சொல் மிச்சம் வைத்திருக்கிறது. அந்தச் சொல் கேட்டு முடியும்வரை அரங்கின் விளக்குகளைப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்