ஃபிராக்டல் பழகுவோரிடம் என்ன சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் ஃபிராக்டல் ஓவியம் (பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே மேலும் நுண்ணிய வடிவங்கள் தெரியும் கணித உருவங்களை வரைவது) பழகத் தொடங்கியிருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தன் முதல் படத்தை வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டியபோது, ஒருவர் "அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார். இன்னொருவர் "இதெல்லாம் கம்ப்யூட்டரே போடுவதுதானே" என்றார். பின்னவர் பேச்சில் அவள் முகம் வாடியது உண்மை. ஆனால் முன்னவரின் பாராட்டிலும் அவள் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிராக்டல் என்ற பெயரை 1975-இல் சூட்டிய கணிதவியலாளர் மாண்டல்பிராட்டின் பெயராலேயே வழங்கும் புள்ளிகளின் கணத்தை (தொகுதியை) வரைவதற்கு, ஓர் எண்ணை வர்க்கமாக்கி, அதனுடன் ஒரு மாறிலியைக் கூட்டி, வந்த விடையையே மறுபடி அதே கணக்கில் இட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று. விடை வரம்பின்றிப் பெருகும் புள்ளி கணத்தை விட்டு வெளியேறியதாகும்; எத்தனையாவது சுற்றில் வெளியேறியது என்பதைப் பொறுத்து அதற்கு நிறம். பெருகாதவை உள்ளேயே தங்கிவிட்டவை; அவை வழக்கமாகக் கறுப்பு. கணக்குப் போடுவது இயந்திரம்தான். எனினும் முடிவில்லாமல் விரியும் அந்த விளிம்பில் எந்த மூலையைப் பெரிதாக்குவது, எங்கே நிறுத்துவது, எத்தனையாவது சுற்றுக்கு என்ன நிறம் கொடுப்பது என்பவற்றை முடிவு செய்பவர் வரைபவரே. அவள் கடல்குதிரை வால்போல் சுருளும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, சுருளின் கண்ணை நட்டநடுவில் வைக்காமல் வலப்புறம் ஒதுக்கியிருந்தாள். படத்துக்கு ஓட்டம் வந்ததே அதனால்தான். முதலில் அதைத்தான் சொன்னேன்.

பிறகு குறைகளைக் காரணத்தோடு சொன்னேன். பின்னணி நீலம் பட்டை பட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம், சுற்றுகளின் எண்ணிக்கை முழு எண்களாகத் தாவுவதும் நிறமும் அதனோடு சேர்ந்து தாவுவதுமே. மென்னிறமாக்கும் வசதியை இயக்கினால் அது மறையும். சுருளின் நடுவே கறுப்பாக அப்பியிருந்த இடத்தில், சுற்று வரம்பைக் குறைவாக வைத்ததால், இன்னும் சில நூறு சுற்றுகளில் வெளியேறியிருக்க வேண்டிய புள்ளிகளும் உள்ளேயே தங்கிவிட்டவையாகக் கணக்கிடப்பட்டிருந்தன. அவளுடைய அடர் இளஞ்சிவப்பு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் அது என் ரசனையே தவிர அவள் பிழையன்று என்பதால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே படத்தைத் திரும்ப அனுப்பியிருந்தாள். கறுப்பு விலகி, உள்ளே இன்னும் மூன்று சிறு சுருள்கள் தெரிந்தன. இளஞ்சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்