பச்சை வரும்வரை தொடும் பிள்ளைகள்: கற்றல் செயலி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கற்றல் செயலிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வகுப்பறைக்கு டேப்லெட் வந்து இது மூன்றாவது ஆண்டு. இந்த மடல் எந்த ஒரு செயலியையும் குறிவைத்து எழுதியதில்லை. நான் பயன்படுத்திப் பார்த்த நான்கைந்திலும் இதே நிலைமைதான், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மாதம் பின்னங்களைக் கூட்டும் பாடம் நடந்தது. திரையில் 1/2 + 1/3 என்று கேள்வி, கீழே நான்கு விடைகள். முன்வரிசையில் ஒரு பெண் 2/5-ஐத் தொட்டாள். சிவப்பு. உடனே 1/6. அதுவும் சிவப்பு. மூன்றாவதாக 5/6. பச்சை வந்தது, நட்சத்திரங்கள் கொட்டின, கைதட்டல் கேட்டது. மொத்தமே ஐந்தாறு நொடிதான் இருக்கும். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"5/6 எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பச்சை வர்ற வரைக்கும் தொடணும் மிஸ்" என்றாள்.

குறும்பாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாக விளக்குவதுபோல்தான் சொன்னாள்.

சரி, நோட்டில் போட்டுக் காட்டு என்றேன். மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டினாள், 2. கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டினாள், 5. ஆக 2/5. கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் பழக்கமான தவறு இது. பின்னம் என்பது ஒரே எண் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் இரண்டு எண்களாகத்தான் அது தெரிகிறது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டால் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பாள்.

10 செ.மீ. நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை வெட்டிக் கொடுத்தேன். ஒன்றைப் பாதியாக மடித்தாள். "இந்த அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா கூடுமா, குறையுமா?" "கூடும் மிஸ்." "அப்போ உன்னோட 2/5 இந்த அரையைவிடப் பெருசா இருக்கணும், இல்லையா?" இன்னொரு பட்டையை ஸ்கேல் வைத்து ஐந்தாகக் கோடு போட்டாள், இரண்டு கட்டத்தை வெட்டி எடுத்தாள், அரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 5 செ.மீ.க்குப் பக்கத்தில் 4 செ.மீ. எட்டவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரப்பரை எடுத்துக்கொண்டு நோட்டை அழிக்கப் போனாள். அழிக்காதே, அது இருக்கட்டும் என்றேன்.

அன்று மாலை செயலியில் ஆசிரியருக்கான பக்கத்தைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே பச்சைக் கட்டம், 'முடித்துவிட்டார்' என்று. எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள், எத்தனை நட்சத்திரம், வகுப்பில் எத்தனையாவது இடம், எல்லாம் இருந்தது. 2/5 மட்டும் எங்குமே இல்லை. எனக்கு வேண்டியது அந்த 2/5 ஒன்றுதான். நாற்பது பேரில் எத்தனை பேர் முதலில் அதைத் தொட்டார்கள் என்று தெரிந்திருந்தால் மறுநாள் பாடத்தை அங்கிருந்தே தொடங்கியிருப்பேன். பிள்ளைகள் தொடும் ஒவ்வொரு விடையும் உங்கள் கணினிக்குப் போகிறது. பாடம் நடத்துகிறவள் கண்ணில் அது ஏன் படவே இல்லை?

டேப்லெட்டே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவதால் பார்வை மங்கலான ஒரு பையன் இப்போது யாரையும் கேட்காமல் தானே வாசிக்கிறான். சத்தமாகப் படிக்கக் கூச்சப்படும் பெண் ஒருத்தி ஹெட்போனில் ஒரே வரியை நாலு முறை கேட்டுவிட்டு வந்து என்னிடம் படித்துக் காட்டினாள். நாற்பது பேருக்கு நாற்பது விதமான கேள்வி கொடுக்க ஒரு ஆசிரியரால் ஆகாது, ஒரு நல்ல செயலியால் ஆகும்.

அதற்கு ஆதாரமும் இருக்கிறது. டெல்லியில் 2015-ல் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளி முடிந்த பிறகு தினம் 90 நிமிடம். பாதி நேரம் கணினியில், பாதி நேரம் சிறு குழுவாகச் சொல்லிக்கொடுப்பவரோடு. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காமல், உண்மையில் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அந்த மென்பொருள் கேள்வி கேட்டது. எந்த மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த பாடத்தைக் கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். பெரு நாட்டிலோ தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கையில் மடிக்கணினியைக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. 15 மாதம் கழித்தும் கணக்கு, மொழித் தேர்வுகளில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் கருவி இருந்தது. தவறைக் கவனித்தது ஒரு இடத்தில்தான்.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: பிள்ளை தவறான விடையைத் தொட்டதும் அடுத்த விடையைத் தொட விடாதீர்கள். அங்கேயே நிறுத்தி, சின்னதாக வேறொன்று கேளுங்கள். "2/5 பெரிதா, 1/2 பெரிதா?" என்று ஒரு கேள்வி போதும். நான்கு விடைக்குப் பதில் விரலால் எழுத ஓர் இடம் கொடுங்கள், அவர்கள் போட்ட வழிமுறையை நான் பார்க்க முடியும். நட்சத்திரமும் கைதட்டலும் முதல் முயற்சிக்கும் மூன்றாம் முயற்சிக்கும் ஒரே மாதிரி வர வேண்டாம். முடிந்தால் அவற்றை அணைத்து வைக்க ஒரு பொத்தானாவது கொடுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடநூலில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஒரு செயலியில் "வட்டத்தின் எத்தனை பகுதி நிழலிடப்பட்டுள்ளது?" என்று வந்தது. நன்றாகப் படிக்கும் பையன், கீழே இருக்கும் எண்ணை மட்டும் விடையாகப் போட்டான். அவன் படித்த பாடப்படி அவன் செய்தது சரி. மொழிபெயர்த்து முடித்ததும் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் யாராவது ஒருவரிடம் காட்டியிருந்தால் அது அன்றைக்கே மாறியிருக்கும்.

லாகின் தொல்லையையும் கொஞ்சம் பாருங்கள். 40 நிமிட வகுப்பில் பாஸ்வேர்டு மறந்தவர்கள், அப்டேட் கேட்கும் டேப்லெட், நின்றுபோன வைஃபை என்று 10 நிமிடம் போய்விடுகிறது. இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி செய்தால் பெரிய உதவி.

பிள்ளைகளின் தகவல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 49 நாடுகளில் பயன்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் தனியுரிமைக்கு ஊறு செய்தன, அல்லது செய்யும் நிலையில் இருந்தன. பிள்ளை எங்கே தவறு செய்கிறது என்ற செய்தி விளம்பரக்காரருக்குப் போக வேண்டியதில்லை. அது எனக்கும் அதன் பெற்றோருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. பிள்ளைகள் செய்யும் தவறுகளை அவர்கள் எழுதியபடியே அதில் எழுதி வைத்திருக்கிறேன், யார் பெயரும் இல்லாமல். பின்னத்துக்கு மட்டும் பதினோரு பக்கம். பக்கத்திலேயே அந்தப் பிள்ளை அதற்குச் சொன்ன காரணமும் இருக்கும். உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வாருங்கள், கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள், போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியை